முப்பத்தேழு ஸ்குவாபிள்

அந்தச் சலவை ஆலையில் நூற்றுப் பத்துப் பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் இங்கிலீஷ் அகராதியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவர் ஒருவர்தான். அட்டையெல்லாம் எண்ணெய்க் கறை, முதுகு இரண்டு முறை ஒட்டுப் போட்டது. அதனால் அவருக்கு டிக்‌ஷனரி என்று பெயர் விழுந்தது. கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள். ஒரு வருஷத்தில் அவர் பெயரே அதுதான் என்றாகி, மேனேஜர்கூட இன்டர்காமில் "டிக்‌ஷனரியை வரச் சொல்லு" என்று சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம். அப்பா கைநாட்டு வைத்தவர். அம்மாவுக்குப் பஸ் நம்பர்கூடப் படிக்கத் தெரியாது. தபால் வழியில் ஆறு வருஷம் இழுத்து ஒரு டிகிரி வாங்கிய மனிதனை ஊரே டிக்‌ஷனரி என்று கூப்பிட்டால் கசக்குமா என்ன?

அவருடைய வேலை ஷிஃப்ட் ரிஜிஸ்டர் எழுதுவது. எத்தனை கிலோ துணி வந்தது, எத்தனை கிலோ வெளுத்துப் போனது, பாய்லர் அழுத்தம் எவ்வளவு, எந்த மெஷின் எத்தனை நிமிஷம் நின்றது என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம். மெஷின் ஏன் நின்றது, ஆட்கள் நடத்தை எப்படி என்பதற்கு அது. கதை எழுதக் கூடாது, இங்கிலீஷில் ஓரிரு வார்த்தை போதும் என்று தலைமை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பக்கங்கள் நகலெடுத்து அங்கே போகும்.

அந்த இரண்டு விரல் இடத்துக்கு இருந்த பலத்தை அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே பார்த்துவிட்டார். அவருக்கு முன்னால் எழுதிக்கொண்டிருந்தவர், ஒரு தள்ளுவண்டிக்காகச் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்ட இரண்டு வாஷர்களைப் பற்றி 'ஃபைட்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வாரமே இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்தது. அவர்கள் இருவரும் அந்தச் சண்டையைச் சாயங்காலமே மறந்துவிட்டு, ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனவர்கள். தன் பேனாவால் ஒருத்தன் வீட்டு அடுப்பு அணையக் கூடாது என்று டிக்‌ஷனரி அன்றைக்கு முடிவு செய்தார்.

முடிவு செய்வது சுலபம், எழுதுவது கஷ்டம். ஆட்கள் இருக்கிற இடத்தில் வாய்ச்சத்தம் இல்லாமல் இருக்காது; சத்தம் வந்தால் மெஷின் நிற்கும்; நின்றால் காரணம் எழுதியாக வேண்டும். 'குவாரல்' என்று எழுதிப் பார்த்தார். யார், யாரோடு, எதற்கு என்று போன் வந்தது. 'ஆர்க்யுமென்ட்' என்று எழுதினார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'டிஸ்பியூட்' என்று ஒரே ஒரு தடவை எழுதினார். சங்கம் கிங்கம் ஏதாவது ஆரம்பிக்கிறார்களா என்று பார்க்க ஒரு ஆளே காரில் வந்து இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அகராதியோடு மல்லுக்கட்டி, அவர் ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தார். ஸ்குவாபிள். அற்ப விஷயத்துக்காகச் சத்தம் போட்டுக்கொள்ளும் சச்சரவு என்று போட்டிருந்தது. பொம்மைக்காகப் பிள்ளைகள் போடுவதுபோல என்று பக்கத்திலேயே ஓர் உதாரணம்.

அன்றைக்கு வீட்டில் அவர் காய் நறுக்கிக்கொண்டே மனைவிக்குப் பாடம் எடுத்தார். ஃபைட் என்றால் கை நீளும். குவாரல் என்றால் முகம் திரும்பும், நாலு நாளாவது பேச்சு நிற்கும். ஆர்க்யுமென்ட்டில் இரண்டு பக்கமும் நியாயம் பேசும். ஸ்குவாபிளில் அது ஒன்றும் கிடையாது. சத்தம் மட்டும்தான், காற்றில் போய்விடும். நம் ஆட்கள் லடாய் என்பார்களே, அதைவிடவும் சின்னது. மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நமக்குள்ள நடக்குறது எது?" என்றாள். சந்தேகமே இல்லை, ஸ்குவாபிள்தான் என்றார்.

"அப்ப நான் சொல்றது எல்லாம் அற்ப விஷயமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரித்த மாதிரி அவருக்கு ஞாபகம் இல்லை.

ஆலையில் அந்த வார்த்தை மந்திரம்போல வேலை செய்தது. போனும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. தலைமை அலுவலகம் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. நாலு வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ பேர் வேலையைக் காப்பாற்றியிருப்பதாக அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் பொய்யும் இல்லை.

இந்தக் கதையில் வருகிற இரண்டு பேர் பாய்லர்காரரும் ரோலர் அக்காவும். பாய்லர்காரருக்கு ஐம்பத்தாறு வயது. இரைச்சலிலேயே காலம் போனதால் காது மந்தம். அதனால் 'தண்ணி குடு' என்பதைக்கூடச் சண்டைக்கு இழுக்கிற மாதிரி சொல்வார். ரோலர் அக்கா, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளையும் ஓட்டல் விரிப்புகளையும் தேய்க்கிற பெரிய நீராவி உருளையில் நிற்பவள். ஒரு விரிப்பு சுருங்கி விழுந்தால் உருளையையே திட்டுகிற வாய். இருவருக்கும் நடுவில் ஒரு சுவர். நீராவியை மூடுகிற சக்கரம் சுவருக்கு அந்தப் பக்கம், பாய்லர்காரர் கையில். உருளைக்குள் தேங்குகிற தண்ணீரை வடிக்கிற பித்தளை மூடி இந்தப் பக்கம், ரோலர் அக்கா கையில். தினமும் இரண்டே காலுக்கு ஷிஃப்ட் மாறும்போது அவர் மூட வேண்டும். குழாய் ஆறினதும் இவள் மூடியைத் திறந்து தண்ணீரை வாளியில் பிடித்துக் கொட்ட வேண்டும். ஒருத்தர் செய்வதை இன்னொருத்தர் பார்க்க முடியாது. சுவர் முடிகிற மூலையில், கண்ணாடித் தடுப்புக்குள் டிக்‌ஷனரியின் மேஜை. இரண்டு பக்கச் சத்தமும் அவருக்குத்தான் கேட்கும்.

மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் அது ஆரம்பித்தது.

"பெரியவரே, மூடினீங்களா இல்லையா?"

"மூடிட்டேன்மா."

"மூடினா குழாய் ஏன் இந்தச் சூடு சுடுது? வந்து கையை வெச்சுப் பாருங்க."

"என் கைக்கு எல்லாம் ஒரே சூடுதான். முப்பது வருஷம் ஆச்சு."

"காதும் போச்சு, கையும் போச்சு. எதை வெச்சுத்தான் வேலை பார்க்குறீங்க?"

"உன்னை மாதிரி வாயை வெச்சா பார்க்க முடியும்?"

மடிப்பு மேஜைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். பாய்லர்காரர் முணுமுணுத்துக்கொண்டே போய் அந்தச் சக்கரத்தை இன்னொரு தடவை உடம்பெல்லாம் சாய்த்துத் திருகிவிட்டு வந்தார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் காத்திருந்தாள். குழாய் ஒரு வழியாக ஆறியது. தண்ணீரை வடித்தாள். உருளை கால் மணி நேரம் கூடுதலாக நின்றிருந்தது. டிக்‌ஷனரி யோசித்தார். பாய்லர்காரர் கவனக்குறைவு என்று எழுதினால் அந்த மனிதர் தொலைந்தார். ரோலர் ஆள் தாமதம் என்று எழுதினால் இவள் தொலைந்தாள். அவர் 'ஸ்குவாபிள்' என்று எழுதினார்.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். வசனம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ரோலர் அக்கா, உங்கள் பொண்டாட்டி எப்படித்தான் உங்களை நம்பிக் குடித்தனம் நடத்துகிறாளோ என்று கேட்டாள். அவள் உன்னை மாதிரி குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை என்றார் அவர். சில நாள் சத்தம் இருக்காது. பாய்லர் அழுத்தம் குறைவாக ஓடுகிற நாட்கள் அவை என்று டிக்‌ஷனரிக்குப் பிற்பாடு புரிந்தது. அப்போது புரியவில்லை. அவருக்கு அது ஒரு வேடிக்கை. இரண்டே கால் ஆனால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு யார் கை ஓங்குகிறது என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது மாசம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். இது சலவை ஆலையா சந்தைக் கடையா என்று தலைமை அலுவலகத்தில் சிரிக்கிறார்களாம். முப்பத்தேழு இடத்தில் ஒரே வார்த்தை. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனால் இரண்டு பேரில் ஒருத்தரை மாற்றிவிடப்போவதாகச் சொன்னார். மாற்றுவது என்றால் அந்த ஆலையில் வீட்டுக்கு அனுப்புவது என்று அர்த்தம்.

டிக்‌ஷனரி பதறிப்போனார். அன்றைக்கே டீ நேரத்தில் இருவரையும் துணி மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய், கெஞ்சாத குறையாகப் பேசினார். ஒழுங்காக மூடினால் நான் ஏன் வாயைத் திறக்கிறேன் என்றாள் ரோலர் அக்கா. மூடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார் பாய்லர்காரர். அங்கேயே ஆரம்பித்துவிடும்போல இருந்தது. டிக்‌ஷனரி இரண்டு கையையும் கூப்பினார்.

"அக்கா, அவர் மூடிட்டேன்னு சொன்னா நம்புங்கக்கா. ஒரே ஒரு நாள். எனக்காக."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சவரு சொல்றீங்க. சரி, நம்புறேன்."

மறுநாள் இரண்டே காலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாய்லர்காரரின் குரல், மூடிட்டேன் என்றது. இந்தப் பக்கத்திலிருந்து ரோலர் அக்காவின் குரல், சரி என்றது. அவ்வளவுதான். டிக்‌ஷனரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மூன்று மாசத்தில் அவ்வளவு அழகான கோட்டை அவர் போட்டதில்லை. துணி எடையைக் கூட்டுவதற்காகக் குனிந்தார். பாதிக் கூட்டலில் இருக்கும்போது, வெடித்த மாதிரி ஒரு சீறல் கேட்டது. அதற்கு மேலே ஒரு பெண்ணின் குரல்.

எங்கும் வெள்ளையாக நீராவி, ஒன்றும் தெரியவில்லை. ஆட்கள் ஓடினார்கள். பாய்லர்காரர் சுவரைச் சுற்றி ஓடி வந்து, அந்தப் புகைக்குள் நுழைந்து அவளை இழுத்து வெளியே போட்டார். கையில் சுற்றியிருந்த ஈரத் துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு கையும், கழுத்தின் ஒரு பக்கமும் வெந்துபோயிருந்தன. அவள் கத்துவதை நிறுத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பாய்லர்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவர் தாங்க மாட்டாமல், "மூடிட்டேன்மா, மூடிட்டேன்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் டிக்‌ஷனரி வரும்போது சக்கரத்தையும் அது திருகுகிற வால்வையும் புதிதாக மாட்டியிருந்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்ததாக மேனேஜர் சொன்னார். பாய்லர் அறையில் வேறு ஆள். இரண்டே காலுக்கு அந்தப் புது ஆள் சக்கரத்தைத் திருகினான். உருளையின் பக்கம் பயந்துபோய் யாரும் போகவில்லை. டிக்‌ஷனரிதான் எழுந்து போய்க் குழாயில் கை வைத்தார். ஐந்தே நிமிஷத்தில் அது கை பொறுக்கும் அளவுக்கு ஆறிவிட்டது.

அவர் அங்கேயே வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்தேழு நாளும் அந்த மனிதர் மூடியிருக்கிறார். முப்பத்தேழு நாளும் குழாய் சுட்டிருக்கிறது. சக்கரம் கடைசி வரைக்கும் சுற்றியும் உள்ளே தேய்ந்துபோன வால்வு நீராவியை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு பேருமே உண்மையைத்தான் கத்தியிருக்கிறார்கள். தினமும் இரண்டே காலுக்கு, ஆலை முழுக்கக் கேட்கிற மாதிரி, வால்வு கெட்டுப்போச்சு, வால்வு கெட்டுப்போச்சு என்று இரண்டு தொண்டை சேர்ந்து சொல்லியிருக்கிறது. சொன்னவர்களுக்கே அது தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள், இரண்டு பக்கச் சத்தத்தையும் கேட்டவர், பேனாவோடு உட்கார்ந்திருந்தவர். அந்தச் சண்டை நடந்த நாளெல்லாம் அவள் காத்திருந்தாள், குழாய் ஆறியது, கை பிழைத்தது. சண்டை நின்ற அன்றைக்குக் கை போனது. நிறுத்தியது யார்?

பழைய வால்வு எங்கே என்று மேனேஜரிடம் ஓடினார். கழிவு இரும்போடு லாரியில் போய்விட்டது. இரும்புக் கடைக்கு ஓடினார். மலைபோலக் கிடந்த குவியலில் இரண்டு மணி நேரம் கையைக் கிழித்துக்கொண்டு தேடினார். காலையில் வந்த சரக்கு அப்படியே உருக்கப் போய்விட்டது, இது வேறு குவியல் என்று கடைக்காரர் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சொன்னார். திரும்பி வந்து மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வால்வு பழுது என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார்.

நாலாம் நாள் பாய்லர்காரருக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. சக ஊழியரோடு நீண்ட நாள் பகை காரணமாக நீராவியை மூடாமல் விட்டு, அவருக்குக் காயம் உண்டாக்கியதாக அதில் இருந்தது. நிரூபணமானால் வேலை போகும், விஷயம் போலீசுக்கும் போகும். பகைக்கு ஆதாரம் என்று மூன்று மாச ரிஜிஸ்டர் நகல்களை இணைத்திருந்தார்கள். முப்பத்தேழு இடத்தில் சிவப்பு மையால் வட்டம். நிர்வாகத் தரப்புச் சாட்சி என்று டிக்‌ஷனரியின் சொந்தப் பெயரைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரை அவரே பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது.

சின்னதாக்கத்தானே அந்த வார்த்தையை எடுத்தோம், அது எப்படிப் பகையாகப் பெருத்தது என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரு தடவை எழுதினால் அற்பம். முப்பத்தேழு தடவை எழுதினால் அதுவே ஜென்மப் பகை. அகராதியில் இது போடவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரோலர் அக்கா இரண்டு கையும் தலையணை மேல் தூக்கி வைத்தபடி, தோள் வரைக்கும் கட்டோடு படுத்திருந்தாள். அந்த ஆள் மூடவில்லை என்று அவள் முன்பே வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். டிக்‌ஷனரி புது வால்வைப் பற்றிச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் ஆறியதைச் சொன்னார். பிறகு படுக்கைக்கு அடியில் இருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கூரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னைக்கும் சுட்டுச்சு. துணியைச் சுத்திக்கிட்டுத்தான் திறந்தேன்" என்றாள்.

"ஏங்க்கா திறந்தீங்க?"

"நம்பச் சொன்னீங்களே."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளே, அந்த மனிதருக்கும் தனக்கும் பகையெல்லாம் கிடையாது என்றாள். போன மாசம் தன் மகளுக்குக் காய்ச்சல் என்றதும், ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று டோக்கன் வாங்கிக் கொடுத்தவர் அவர். பகைக்காரனோடு யாராவது அப்படித் தினமும் மெனக்கெட்டுப் பேசுவார்களா? அதை எழுதிக்கொள்ளச் சொன்னாள். அவர் எழுதினார்.

"கையெழுத்து எதால போட?" என்றாள்.

கட்டு போடாத இடமாகப் பார்த்து, இடது காலின் பெருவிரலில் மை தடவி அவர் ரேகை எடுத்தார். நர்ஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அதிகாரி வயதானவர், மரியாதையான மனிதர். டிக்‌ஷனரியை உட்காரச் சொன்னார். எதிர் நாற்காலியில் பாய்லர்காரர், காது கேட்பதற்காகத் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி ரிஜிஸ்டரை விரித்து, ஒரு சிவப்பு வட்டத்தில் விரல் வைத்தார்.

"நீங்க எழுதினதுதானே? இதுக்கு என்ன அர்த்தம்?"

"சின்னச் சச்சரவு சார்."

"சின்னதுன்னா?"

"அற்ப விஷயத்துக்காக வர்றது."

"அப்போ நீராவியை மூடுறது அற்ப விஷயமா?"

இல்லை என்றார் டிக்‌ஷனரி. பிறகு மடை திறந்த மாதிரி பேசினார். ஒவ்வொரு நாளும் அவள் என்ன சொன்னாள், இவர் என்ன சொன்னார், குழாய் எவ்வளவு நேரம் சுட்டது என்று அத்தனையும் ஒப்பித்தார். ஒரு மனிதன் முப்பத்தேழு நாள் மறப்பானா, வால்வுதான் சார், வால்வுதான் என்றார். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், இது எல்லாம் ரிஜிஸ்டரில் எங்கே இருக்கிறது என்றார்.

"எழுதலை சார். இடம் இல்லை. ரெண்டு விரல் இடம்தான்."

"'வால்வு'ன்னு எழுத எத்தனை விரல் வேணும்?"

டிக்‌ஷனரி ரிஜிஸ்டரில் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு அவரைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, சம்பவம் நடந்த நாளைக் கேட்டார். அன்றைக்குக் கோடு போட்டிருக்கிறீர்களே, அன்றைக்குச் சக்கரம் சுற்றுகிற சத்தம் உங்கள் காதில் விழுந்ததா?

அது ஒரு வழி. டிக்‌ஷனரிக்கு உடனே தெரிந்தது. மற்ற நாளெல்லாம் அந்தச் சக்கரம் கடைசிச் சுற்றில் கிறீச்சிடும். தன் மேஜையிலிருந்து அவர் கேட்டிருக்கிறார். அன்றைக்கும் கேட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால், எதிரே இருக்கிற மனிதர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். பாய்லர்காரர் கண்ணைச் சிமிட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்றைக்கு டிக்‌ஷனரி சண்டை வருகிறதா என்று மட்டும்தான் காது கொடுத்திருந்தார். கிறீச் சத்தம் வந்ததா, வரவில்லையா? எத்தனை தடவை அந்த நிமிஷத்தைத் திருப்பிப் பார்த்தாலும் மூடிட்டேன் என்ற குரலும், சரி என்ற குரலும்தான் கேட்டன. நாலு வருஷம் நல்லது என்று நினைத்து ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டு வந்ததன் பலன் ஆஸ்பத்திரியில் தலையணை மேல் கிடந்தது. இன்னொரு வார்த்தையை இஷ்டத்துக்கு எடுத்துப் போட அவருக்கு வாய் வரவில்லை.

"கவனிக்கலை சார்" என்றார்.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. ரோலர் அக்காவின் கால் ரேகை பாதி வேலையைச் செய்திருந்தது. பகை நிரூபணமாகவில்லை, போலீசுக்குப் போக வேண்டியதில்லை. கவனக்குறைவு நிரூபணமானது. பாய்லர்காரரை வேலையை விட்டு நீக்கினார்கள். டிக்‌ஷனரிக்கு ஒரு கடிதம்: இனிமேல் தெளிவான வார்த்தைகளைப் பயன்படுத்தவும். அதோடு விட்டுவிட்டார்கள். ராஜினாமா எழுதி இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தார். நீங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தால் அந்த மனுஷனுக்கு வேலை திரும்பி வந்துவிடுமா என்று மனைவி கேட்டாள். மூன்றாம் நாள் வழக்கம்போல ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாய்லர்காரரின் வீட்டுக்குப் போனார். ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை. பாய்லர்காரரின் மனைவி கதவைத் திறந்துவிட்டு, மெல்லிய குரலில், ஒரு மாதிரியாக இருக்கிறார் தம்பி என்றார். சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்து போய்க் குழாயைத் திருகிப் பார்க்கிறாராம். அடுப்பை அணைத்துவிட்டேன் என்றால் நம்பாமல் வந்து தொட்டுப் பார்க்கிறாராம். முப்பது வருஷம் அவர் எதையும் திரும்பிப் பார்த்தவர் இல்லை.

பாய்லர்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டிக்‌ஷனரியைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டார். கோபம் இல்லை. இருந்திருந்தால் டிக்‌ஷனரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ரோலர் அக்காவுக்குக் கட்டு எப்போது பிரிக்கிறார்கள் என்று விசாரித்தார். விரல் மடங்குமா என்று கேட்டார். வலது கையில் இரண்டு விரல் மடங்காது என்று டாக்டர் சொன்னதை டிக்‌ஷனரி சொன்னார். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு, தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். சக்கரம் திருகித் திருகிக் காய்ப்பு ஏறிய கை.

"தம்பி, நீங்க படிச்சவரு. நிஜத்தைச் சொல்லுங்க. நான் மூடினேனா?"

சத்தமாகக் கேட்டார், அவருக்குச் சத்தம் அப்படித்தான் வரும். சமையல் மேடைப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"மூடினீங்கண்ணே."

"எல்லாரும் மூடலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. அத்தனை பேரும் தப்பா சொல்வாங்களா? கையை இப்படிச் சுத்தின மாதிரிதான் இருக்கு. ஆனா அது அன்னைக்கா, அதுக்கு முந்தின நாளா? எல்லா நாளும் ஒண்ணாக் கலந்துபோச்சு."

டிக்‌ஷனரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தேழு நாளும் தன் காதால் கேட்டதாகச் சொன்னார். சக்கரம் கிறீச்சிட்டதைச் சொன்னார், தேதி தேதியாகச் சொன்னார், எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வதாகச் சொன்னார். முப்பத்தேழு நாளும் நீங்கள் மூடினீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியவர் காதை அவர் வாய்ப் பக்கம் கொண்டுவந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பிறகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"முப்பத்தெட்டாவது நாளைத்தானே தம்பி கேட்கிறேன்."